'கடலை இருக்கா?'னு கேட்டா பத்தாது... நிலக்கடலை அலர்ஜி இருக்குறவங்க நெல்லைச் சீமையில் பாதுகாப்பா வாழ்வது எப்படி?

கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது தென்மாவட்டமே கொண்டாடியது. கரிசல் மண்ணில் விளைந்த நிலக்கடலை, வெல்லம், தாமிரபரணித் தண்ணி... இந்த மூணும் சேர்ந்த சுவைக்கு ஈடு கிடையாதுதான். ஆனால், அதே மிட்டாயில் ஒரு சின்னத் துண்டு வாயில் பட்டாலே உதடு வீங்கி, தொண்டை அடைத்து, ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டிய நிலையில் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இருப்பது நிலக்கடலை அலர்ஜி.

நெல்லை, தூத்துக்குடி பக்கம் இப்படி ஒரு அலர்ஜியோடு வாழ்வது கொஞ்சம் சிக்கலானது. கோயில் பிரசாதத்தில் கடலை, கல்யாணப் பந்தியில் கடலை, பஸ் ஸ்டாண்டில் கடலை. போதாக்குறைக்கு 'கடலை' என்ற சொல்லே நம்மைக் குழப்பிவிடும். அதனால் முதலில் சொல்லிலிருந்தே ஆரம்பிப்போம்.

ஒரே சொல்... எத்தனை கடலை?

ஹோட்டலில் "சட்னியில கடலை இருக்கா?" என்று கேட்கிறீர்கள். "ஆமா" என்று பதில் வந்தால் அது பொட்டுக்கடலையாக இருக்கலாம். "இல்லை" என்று வந்தாலும் நம்ப முடியாது. பரிமாறுபவர் கொண்டைக்கடலையை நினைத்துக்கூட 'இல்லை' என்று சொல்லியிருப்பார். இந்தப் பட்டியலை ஒருமுறை பாருங்க:

* நிலக்கடலை, வேர்க்கடலை, மல்லாட்டை, மணிலாக்கொட்டை: எல்லாமே ஒண்ணுதான். தவிர்க்க வேண்டியது இதைத்தான்.
* கடலை எண்ணெய், கடலை மிட்டாய், கடலை உருண்டை: நிலக்கடலையில் செய்தவை. தவிர்க்கணும்.
* கடலைப்பருப்பு, கடலை மாவு: கொண்டைக்கடலை வகையிலிருந்து வருபவை.
* பொட்டுக்கடலை, நம்ம பக்கத்துப் பேச்சில் பொரிகடலை: இதுவும் கொண்டைக்கடலை வகைதான்.

நிலக்கடலையும் கொண்டைக்கடலையும் பயறுக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனாலும், நிலக்கடலை அலர்ஜி உள்ளவர்களில் பெரும்பாலானோர் மற்ற பருப்பு வகைகளைப் பிரச்னையில்லாமல் சாப்பிடுகிறார்கள். எனவே, பயந்துபோய் சாம்பார், சுண்டல் எல்லாவற்றையும் நீங்களாகவே நிறுத்த வேண்டாம். முந்திரி, பாதாம், பிஸ்தா விஷயம் வேறு. அவை பயறு வகையே இல்லை. ஆனாலும், நிலக்கடலை அலர்ஜி உள்ளவர்களில் கணிசமானோருக்கு இவற்றில் ஏதாவது ஒன்றும் ஒத்துக்கொள்வதில்லை. எது ஓகே, எது கூடாது என்பதை அலர்ஜி டாக்டரிடம் கேட்டு முடிவு பண்ணுங்க.

இது பித்தம் இல்லை!

"கடலை பித்தம். ஒரு துண்டு வெல்லம் சேர்த்துச் சாப்பிடு, ஒண்ணும் செய்யாது." வீட்டுப் பெரியவர்கள் பாசத்தோடு சொல்லும் இந்த வார்த்தைதான் அலர்ஜி உள்ளவருக்கு ஆபத்து. நிலக்கடலையில் இருக்கும் சில புரதங்களை எதிரி என்று நினைத்து, உடம்பின் நோய் எதிர்ப்பு மண்டலம் 'ஐ.ஜி.இ' என்ற எதிர்ப்புப் பொருளை உருவாக்கி வைத்திருக்கும். மறுபடியும் அந்தப் புரதம் உள்ளே போனதும் ஹிஸ்டமின் போன்ற ரசாயனங்கள் மொத்தமாக வெளியேறும். அதனால்தான் தடிப்பு, வீக்கம், மூச்சுத்திணறல் எல்லாம் வருகிறது. வெல்லம், சுக்கு, மோர் எதனாலும் அதைத் தடுக்க முடியாது.

வறுத்தால் இந்தப் புரதங்களின் வீரியம் கூடுகிறது, வேகவைத்தால் ஓரளவு குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதற்காக 'அவிச்ச கடலை சாப்பிடலாம்' என்று முடிவு பண்ணிடாதீங்க. குறைவது வேறு, இல்லாமல் போவது வேறு.

"நம்ம பாட்டன் பூட்டன் சாப்பிட்டதுதானே?" என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். நிலக்கடலையின் தாயகம் தென் அமெரிக்கா. பாண்டியர் துறைமுகமான கொற்கையிலிருந்து முத்து கப்பலேறிய காலத்தில் இந்த மண்ணில் நிலக்கடலையே கிடையாது!

டெஸ்ட்டில் 'பாசிட்டிவ்' வந்தாலே அலர்ஜியா?

இல்லை. பெங்களூரு, மைசூரு பகுதிகளில் பெரியவர்களிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வில், சுமார் நான்கில் ஒருவரின் ரத்தத்தில் ஏதோ ஓர் உணவுக்கு எதிரான ஐ.ஜி.இ இருந்தது. ஆனால், உணவு அலர்ஜி இருக்க வாய்ப்புள்ளவர்கள் என்று கணிக்கப்பட்டவர்கள் 1.2 சதவிகிதம்தான். அதாவது, ரத்தத்தில் பாசிட்டிவ் காட்டும் எல்லோருக்கும் அந்த உணவு தீங்கு செய்வதில்லை.

எனவே, ஏகப்பட்ட உணவுகளுக்கு ஒரே நேரத்தில் டெஸ்ட் எடுத்துவிட்டு, ரிப்போர்ட்டில் சிவப்பாக வந்ததையெல்லாம் நிறுத்துவது தப்பு. 'ஐ.ஜி.ஜி' என்ற பெயரில் விற்கப்படும் டெஸ்ட்டுகள் உணவு அலர்ஜியைக் கண்டுபிடிக்க உதவாது. என்ன சாப்பிட்டீங்க, எத்தனை நிமிஷத்தில் என்ன ஆச்சு என்ற விவரம்தான் டாக்டருக்கு முக்கியம். அதை எழுதி வெச்சுக்கோங்க, தடிப்பு வந்தால் போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. தோலில் குத்திப் பார்க்கும் டெஸ்ட்டும் ரத்தப் பரிசோதனையும் அதற்குப் பிறகுதான். 'சாப்பிட்டுப் பார்த்து' சோதிப்பதை மருத்துவமனையில், டாக்டர் முன்னிலையில் மட்டுமே செய்யணும்.

எங்கெல்லாம் ஒளிஞ்சிருக்கும்?

கடலை மிட்டாய் கண்ணுக்குத் தெரியும். தெரியாத இடங்கள்தான் பிரச்னை.

* கோயில்: ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று நவதிருப்பதி கோயில்கள் நிறைந்த ஆற்றங்கரை இது. பெருமாள் கோயில் என்றாலே புளியோதரைதான். அதில் நிலக்கடலை போடுவது சகஜம். கடலையைப் பொறுக்கிப் போட்டுவிட்டுச் சாப்பிடக் கூடாது. அதன் புரதம் சோற்றிலும் எண்ணெயிலும் கலந்திருக்கும். நவராத்திரி சுண்டலையும் கேட்டு வாங்குங்க.
* டிபன்: காரச் சட்னி, இட்லிப் பொடி, எலுமிச்சை சாதம், எண்ணெய் கத்தரிக்காய்க் குழம்பு. இவற்றில் நிலக்கடலை சேர்ப்பதும் சேர்க்காததும் ஆளுக்கு ஆள் மாறும்.
* ஸ்வீட் கடை: திருநெல்வேலி அல்வாவில் கோதுமைப் பால், சர்க்கரை, நெய். தூத்துக்குடி மக்ரூனில் முந்திரி, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை. இரண்டின் செய்முறையிலும் நிலக்கடலை கிடையாது. ஆனால் அதே கடையில், மிக்சர் அள்ளிய கையோ கரண்டியோ அல்வாவிலும் படலாம். முந்திரி சேராதவர்கள் மக்ரூன் பக்கமே போக வேண்டாம்.
* ஜூஸ் கடை, ஐஸ்கிரீம்: 'நட்ஸ்' என்று மேலே தூவுவது பல நேரம் உடைத்த நிலக்கடலைதான். மிக்ஸி ஜாரும் பொதுவானது.
* ஜிம்: பீனட் பட்டர், புரோட்டீன் பார், எனர்ஜி உருண்டை.
* வீட்டுச் சத்துமாவு: ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணக்கு. என்னென்ன அரைத்தார்கள் என்று தெரியாமல் குடிக்க வேண்டாம்.

செக்கு எண்ணெயா, ரீஃபைண்டா?

ஊருக்கு ஊர் மரச்செக்கு வந்துவிட்டது. பலருக்கு அது ஆரோக்கியத்தின் அடையாளம். நிலக்கடலை அலர்ஜி உள்ளவருக்கு மட்டும் கதை தலைகீழ். பிரிட்டனில் 1997-ல் வெளியான ஆய்வில், நிலக்கடலை அலர்ஜி உள்ள 60 பேருக்கு இரண்டு வகைக் கடலை எண்ணெயையும் கொடுத்துப் பார்த்தார்கள். முழுமையாகச் சுத்திகரித்த எண்ணெயால் ஒருவருக்கும் பாதிப்பு வரவில்லை. சுத்திகரிக்காத எண்ணெயால் 6 பேருக்கு அலர்ஜி வந்தது. சுத்திகரிக்கும்போது புரதம் ஏறக்குறைய முழுவதும் நீங்கிவிடுகிறது. செக்கில் ஆட்டும்போது அது எண்ணெயிலேயே தங்கிவிடும்.

ஆகவே செக்குக் கடலை எண்ணெய் வேண்டவே வேண்டாம். அதே செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெயிலும் மிச்சம் ஒட்டியிருக்கலாம். ரீஃபைண்ட் கடலை எண்ணெயைச் சேர்க்கலாமா என்பதை உங்கள் டாக்டர் சொல்லட்டும். வடை, புரோட்டா, காராச்சேவு வாங்கும்போது எந்த எண்ணெய், அதில் வேறு என்ன பொரித்தார்கள் என்று கேளுங்க.

கூச்சப்படாமல் எப்படிக் கேட்பது?

"எனக்குக் கடலை ஒத்துக்காது" என்று சொன்னால், கேஸ் பிரச்னை என்று எடுத்துக்கொள்வார்கள். கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்க:

"அண்ணாச்சி, எனக்கு நிலக்கடலை அலர்ஜி. துளி பட்டாலும் மூச்சடைச்சு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும். இந்தச் சட்னியில நிலக்கடலை அரைச்சிருக்கியளா, வெறும் பொரிகடலை மட்டும்தானா? எந்த எண்ணெயில தாளிச்சிய? கடலைச் சட்னி அரைச்ச ஜார்லயேவா இதையும் அரைச்சிய?"

மூன்று கேள்விகள்தான்: என்ன போட்டீங்க, எந்த எண்ணெய், எந்தப் பாத்திரம். முடிந்தால் பரிமாறுபவரைவிட மாஸ்டரிடமே கேட்பது நல்லது. "தெரியலையே" என்று பதில் வந்தால், அதை 'இருக்கு' என்றே எடுத்துக்கொண்டு வேறு சாப்பிடுங்க. பழக்கமான கடை என்றாலும் ஒவ்வொரு முறையும் கேட்கணும்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? 2014-ல் இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயரில் 38 வயதுக்காரர் ஒருவர், தனக்கு நட்ஸ் ஆகாது என்று சொல்லியே இந்திய உணவகத்தில் சிக்கன் டிக்கா மசாலா பார்சல் வாங்கினார். பாதாம் பொடிக்குப் பதிலாக விலை குறைந்த நிலக்கடலைப் பொடியை அந்த உணவகம் பயன்படுத்தியிருந்தது. சாப்பிட்டவர் இறந்துபோனார். 2016-ல் உணவக உரிமையாளருக்கு 6 ஆண்டுகள் சிறைத்தண்டனை விதித்தது நீதிமன்றம். செய்முறையில் ஒரே ஒரு பொருளை மாற்றினாலும், நேற்று வரை பாதுகாப்பாக இருந்த உணவு இன்று ஆபத்தாகிவிடும்.

பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்க

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ம் ஆண்டு லேபிள் விதிகளின்படி, பாக்கெட் உணவில் நிலக்கடலை இருந்தால் 'கன்டெய்ன்ஸ் பீனட்' என்பதுபோல அறிவிக்க வேண்டும். தெரியாமல் கலந்திருக்க வாய்ப்பு இருந்தால் 'மே கன்டெய்ன்' என்று வரும். இரண்டையுமே தவிர்ப்பது நல்லது. 'கிரவுண்ட்நட்', 'பீனட்', 'அராக்கிஸ் ஆயில்' எல்லாம் நிலக்கடலையைத்தான் குறிக்கும். எண்ணெய்க்கு மட்டும் இந்த அலர்ஜி அறிவிப்பு கட்டாயமில்லை. அதனால் சேர்மானப் பட்டியலில் என்ன எண்ணெய் என்று தனியாகத் தேடிப் பாருங்க. பெட்டிக்கடையில் உதிரியாக மடித்துக் கொடுக்கும் பண்டங்களுக்கு லேபிளே கிடையாது. அவற்றை விட்டுடுங்க.

10 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் கொண்ட உணவகங்கள் அலர்ஜி விவரத்தைத் தர வேண்டும் என்பதும் விதி. தயங்காமல் கேளுங்க, அது உங்க உரிமை.

வெளியூர் போறீங்களா?

படிப்பு, வேலை என்று பெங்களூரு, கொச்சி, ஹைதராபாத் போகிறவர்கள் இந்தச் சொற்களைப் போனில் சேவ் பண்ணிக்கோங்க.

* மலையாளம்: நிலக்கடல, கப்பலண்டி ('கடலக் கறி' என்றால் கொண்டைக்கடலை)
* கன்னடம்: கடலேகாயி, ஷேங்கா (வெறும் 'கடலே' என்றால் கொண்டைக்கடலை)
* தெலுங்கு: வேருசெனக, பல்லீலு
* இந்தி: மூங்ஃபலி
* சிங்களம்: ரட்டகஜு

கர்நாடகத்தின் சித்ரான்னா, மும்பையின் ஜவ்வரிசி கிச்சடி இரண்டிலுமே நிலக்கடலை வழக்கமாக இருக்கும்.

வாசனை, கை, முத்தம்

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கடலை கொறித்தால் இறங்கி ஓட வேண்டியதில்லை. வாசனையில் புரதம் கிடையாது என்பதால், அதனால் மட்டும் பெரிய ஆபத்து வருவது மிக அரிது. ஆனால், தோல் உடைத்து ஊதும் தூசி, வறுக்கும் இடத்தின் புகை இவற்றிலிருந்து தள்ளி நிற்பது நல்லது.

கையில் ஒட்டியிருப்பதுதான் வாய்க்குப் போகும். வெறும் தண்ணீரும் சானிட்டைசரும் நிலக்கடலைப் புரதத்தைச் சரியாக நீக்குவதில்லை. சோப்பு போட்டுக் கழுவினால் போய்விடும்.

காதலிப்பவர்கள் கவனிக்க: கடலை சாப்பிட்ட வாயின் எச்சிலிலும் புரதம் இருக்கும். பல் துலக்குவது மட்டுமே போதாது. சில மணி நேரம் கழித்து, நடுவில் கடலை இல்லாத ஒரு வேளைச் சாப்பாடும் முடித்த பிறகுதான் முத்தம். உங்க ஆள்கிட்ட இதை முன்னாடியே சொல்லிடுங்க.

அவசரம் என்றால் முதலில் அட்ரினலின்!

கீழே உள்ள அறிகுறிகள் பெரும்பாலும் சில நிமிடங்களில் இருந்து 2 மணி நேரத்துக்குள் வரும்:

* தோலில் தடிப்பு, அரிப்பு. உதடு, கண், நாக்கு வீக்கம்
* தொண்டை இறுக்கம், குரல் மாற்றம், மூச்சுத்திணறல், இழுப்பு
* திரும்பத் திரும்ப வாந்தி, வயிற்றுவலி
* தலைசுற்றல், மயக்கம்

தோலில் எதுவுமே வராமல் நேராக மூச்சடைப்பு வருபவர்களும் உண்டு. மூச்சு, தொண்டை, மயக்கம் மூன்றில் ஒன்று வந்தாலே அது 'அனாஃபிலாக்சிஸ்' எனும் உயிராபத்தாக இருக்கலாம். இதற்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசி மட்டுமே. தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடணும். அவில், செட்ரிசின் மாத்திரைகள் அரிப்பைக் குறைக்கும். மூச்சடைப்பையோ ரத்த அழுத்தம் இறங்குவதையோ அவை நிறுத்தாது. மாத்திரை போட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரம்தான் உயிரைக் குடிக்கிறது. பிரிட்டனில் உணவு அலர்ஜியால் இறந்தவர்களை ஆராய்ந்தபோது, பாதிப் பேருக்கு சுமார் அரை மணி நேரத்துக்குள்ளேயே மூச்சோ இதயமோ நின்றிருந்தது.

அந்த அரை மணி நேரத்தை மனதில் வைத்துக்கொண்டு நம்ம ஊரை யோசியுங்க. கொற்கை, ஏரல் பக்கம் இருப்பவர்களுக்குப் பெரிய மருத்துவமனை என்றால் தூத்துக்குடி அல்லது பாளையங்கோட்டையில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான். ஆனால் அவசரத்தில் தேட வேண்டியது பெரிய மருத்துவமனையை இல்லை, அட்ரினலின் இருக்கும் பக்கத்து மருத்துவமனையை. அட்ரினலின் விலை குறைந்த, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்து. உங்க பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஸ்ரீவைகுண்டம் அரசு மருத்துவமனைக்கும் நல்லா இருக்கும்போதே ஒருமுறை போய், "ராத்திரி வந்தா ஊசி போடுவாங்களா?" என்று விசாரித்து வெச்சுக்கோங்க.

வெளிநாடுகளில் பேனா மாதிரி இருக்கும் தானியங்கி ஊசியை நோயாளிகளே வைத்திருப்பார்கள். நம்ம ஊரில் எல்லா மருந்துக்கடையிலும் அது கிடைக்காது. அதற்குப் பதிலாக என்ன வைத்துக்கொள்ளலாம், எவ்வளவு அளவு, யார் போடுவது என்று டாக்டரிடம் எழுதி வாங்கி, வீட்டில் இரண்டு பேராவது பழகிக்கோங்க. மருந்தை பைக் டேங்க் கவரிலோ கார் டேஷ்போர்டிலோ வைக்காதீங்க. நம்ம ஊர் வெயிலுக்கு அது கெட்டுப்போகும்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியவை:

1. அட்ரினலின் கையில் இருந்தால் உடனே போடுங்க. 108-ஐ அழைத்து 'அலர்ஜி, மூச்சடைப்பு' என்று தெளிவாகச் சொல்லுங்க.
2. படுக்க வைத்துக் காலை உயர்த்துங்க. மூச்சுத்திணறல் இருந்தால் கால் நீட்டி உட்காரலாம். எழுந்து நிற்கவோ நடக்கவோ விடாதீங்க. திடீரென்று எழுந்தால் இதயம் நின்றுபோகும் ஆபத்து உண்டு. டூ-வீலரில் நடுவில் உட்கார வைத்துத் தூக்கிப் போகாதீங்க.
3. சரியாகவில்லை என்றால், டாக்டர் சொல்லியிருக்கும் அளவில் 5 முதல் 15 நிமிடங்களில் இரண்டாவது ஊசி தேவைப்படலாம்.
4. சரியாகிவிட்டாலும் மருத்துவமனையில் சில மணி நேரம் கண்காணிப்பில் இருக்கணும். அறிகுறிகள் அடங்கி, மறுபடியும் வருவது உண்டு.

ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு ஆபத்து அதிகம். காய்ச்சல், மது, கடும் உடற்பயிற்சி, சில வலி நிவாரண மாத்திரைகள் இவையும் பாதிப்பைத் தீவிரமாக்கும்.

வீட்டில் குட்டிப் பாப்பா இருந்தால்?

லண்டனில் நடந்து 2015-ல் வெளியான 'லீப்' ஆய்வில், கடுமையான எக்சிமா அல்லது முட்டை அலர்ஜி இருந்த 640 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். 4 முதல் 11 மாத வயதில் தொடங்கி நிலக்கடலை உணவு சாப்பிட்டவர்களில் 3.2 சதவிகிதம் பேருக்கே 5 வயதில் அலர்ஜி இருந்தது. முழுதாகத் தவிர்த்தவர்களில் அது 17.2 சதவிகிதம். எனவே 'அலர்ஜி வந்துருமோ' என்று பயந்து தள்ளிப்போட வேண்டாம். எக்சிமா, முட்டை அலர்ஜி உள்ள குழந்தைக்கு மட்டும் டாக்டரைக் கேட்டுத் தொடங்கணும். முழுக் கடலை கூடவே கூடாது, தொண்டையில் சிக்கும். மையாக அரைத்துக் குழைத்துத்தான் கொடுக்கணும்.

இதை வைத்து, ஏற்கெனவே அலர்ஜி உள்ளவருக்கு 'கொஞ்சம் கொஞ்சமா கொடுத்துப் பழக்கலாம்' என்று வீட்டில் இறங்கிடாதீங்க. அப்படி ஒரு சிகிச்சை இருக்கிறது, அமெரிக்கா 2020-ல் அதற்கான மருந்தை அனுமதித்தது. அது மருத்துவக் கண்காணிப்பில், அளந்து கொடுக்கப்படுவது. குழந்தைகளில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு வளரும்போது இந்த அலர்ஜி தானாகவே போய்விடுகிறது. போய்விட்டதா என்பதையும் டாக்டர்தான் பார்த்துச் சொல்லணும்.

நண்பர்களுக்கு...

உங்க கூட்டத்தில் ஒருவருக்கு இந்த அலர்ஜி இருந்தால், "ஒரு வாய்தானல, என்ன ஆயிரப்போவுது?" என்று மட்டும் சொல்லாதீங்க. விளையாட்டுக்குக்கூட கடலையை அவர் தட்டில் போடாதீங்க. அவருடைய மருந்து எந்தப் பையில் இருக்கிறது என்று தெரிஞ்சுக்கோங்க.

கீழே இருப்பதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க. ஹோட்டலில், பந்தியில், கோயிலில் அப்படியே காட்டலாம்:

"எனக்கு நிலக்கடலை (வேர்க்கடலை) அலர்ஜி. சிறிதளவு பட்டாலும் உயிருக்கு ஆபத்து. நிலக்கடலை, கடலை எண்ணெய், அவை பட்ட கரண்டி, ஜார் எதுவும் என் சாப்பாட்டில் படக் கூடாது. பொட்டுக்கடலை, கடலைப்பருப்பு சாப்பிடுவேன். நான் மயங்கினால் 108-க்கு போன் செய்து 'அலர்ஜி, அட்ரினலின் தேவை' என்று சொல்லுங்கள்."

பொட்டுக்கடலையும் உங்களுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தால், அந்த வரியை மட்டும் மாத்திக்கோங்க.